டீக்கடை வரைக்கும் வந்த கார்டு

கோதண்டராமன் அறுபது வயதில் கல்லூரிக்குக் கிளம்பியபோது அவர் மனைவி கிளியம்மாள் ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கவில்லை. தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு வருஷமாக மனுஷன் வீட்டிலேயே உட்கார்ந்து, குழம்பில் உப்பு முதல் வாசல் கோலம் வரை குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். "சனிக்கெழமையானா நல்லா படிச்சினு வா," என்று டிபன் டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சமூக நீதி என்று சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் பன்னிரண்டு பேர், பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒரே பெஞ்சில். பெரியவர் ஒருவருக்கு மாணவர் ஒருவர் ஜோடி. சொந்த ஊரில் நடந்த ஓர் அநியாயத்தை இருவரும் சேர்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். பேராசிரியர் முனிரத்தினம் ஊர் பார்த்து ஜோடி சேர்த்தார். மணிமங்கலம் தாண்டியிருந்த சின்ன ஊர்க்காரரான கோதண்டராமனுக்கு, அதே ஊர்க் காலனியிலிருந்து வந்த அற்புதமேரி வாய்த்தாள்.

முதல் வாரம் பஸ்ஸில் அவர் முன்சீட்டிலும் அவள் கடைசி சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள். நாலாவது வாரம் பக்கத்துப் பக்கத்து சீட். கிளியம்மாள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவளுக்குப் போனது. அதிலேயே பாதி சமூக நீதியை முடித்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு ஆறாவது வாரம் வரைக்கும்தான். அன்றைக்கு அவள் எழுதி வந்ததை வாசித்துக் காட்டினாள். "ஐம்பத்தெட்டாம் வருஷம் என் அப்பா இருதயசாமிக்கு ரயில்வே வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. காலனிக்குள் தபால் வராது, ரோட்டு டீக்கடையில் வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அப்போது காய்ச்சல். ஒன்பது நாள் கடைக்குப் போகவில்லை. கார்டு கைக்கு வந்தபோது இன்டர்வியூ முடிந்திருந்தது."

பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா இன்னிக்கும் தன்னத்தானே திட்டிக்கும் சார். காய்ச்சலோட ஒரு நடை போயிருந்தா உங்கள சூளைல கல்லறுக்க வுட்டிருக்க மாட்டேன்னு சொல்லும். அப்போ நீங்கதானே போஸ்ட்மேனு? காலனிக்கு ஏன் சார் தபால் வராது?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. பாடத்துக்குக் குறிப்பெடுக்கிறவள் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"வழி கெடையாதும்மா," என்றார் கோதண்டராமன். "நடுவுல ஏரிக் கால்வா. சைக்கிள் போவாது."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் கையெழுத்து.

வழி இருந்தது. கட்டை வண்டியே போகிற வழி. அவருக்கு முன்னால் இருந்த தபால்காரர் டீக்கடையில் வைத்தார், இவரும் வைத்தார். காலனிக்குள் போன காலோடு நம் வாசலில் ஏறலாமா என்று ஊரில் யாரும் கேட்டதுகூட இல்லை. கேட்டுவிடுவார்களோ என்று இவரே பயந்துகொண்டு இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அந்தக் கார்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. திங்கட்கிழமை வைத்தது. புதன்கிழமை டீ குடிக்கப் போனபோது பிஸ்கட் பாட்டில் பின்னால் அப்படியே சொருகியிருந்தது. "இன்னும் யாரும் வரலப்பா," என்றான் கடைக்கார நாகப்பன். எடுத்துப் பார்த்தார். இன்டர்வியூ வெள்ளிக்கிழமை. காலனி மூன்று பர்லாங்கு, அரை மைல்கூட இல்லை. வெயில் ஏறிவிட்டது, பசி வேறு. இருந்த இடத்திலேயே திருப்பிச் சொருகிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

இப்போது வெட்கமாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, அந்தப் பெண் இனி பக்கத்து சீட்டில் உட்காருவாளா என்பதுதான் அவரை அரித்தது. சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இருதயசாமி மட்டும் சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை அவளிடமிருந்து பேப்பரை வாங்கினார். 'வழி இல்லாததால்' என்றிருந்த வரியை அடித்தார். கீழே எழுதினார்: "வழி இருந்தது. தபால்காரர் போகவில்லை. கார்டு கடையில் கிடந்ததைப் புதன்கிழமையே பார்த்தார். இன்டர்வியூ வெள்ளிக்கிழமை என்பதையும் படித்தார். அப்புறமும் போகவில்லை. அவர் பெயர் கோதண்டராமன்." அதற்குக் கீழே கையெழுத்தையும் போட்டார்.

அற்புதமேரி படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"க்ளாஸ்ல அப்புறம் படிக்கலாம் சார்," என்றாள் கடைசியில். "மொதல்ல எங்கப்பாவுக்குத் தெரியணும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே எடுத்தினு போங்க."

பஸ்ஸில் திரும்பும்போது கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டராமன் சைக்கிளை எடுத்தார். கால்வாய் மேட்டில்கூட இறங்கத் தேவைப்படவில்லை, சுகமாக ஓடியது. காலனிக்குள் வந்ததும்தான் பிரேக் போட்டார். வரிசையாக அறுபது கூரை. எது யார் வீடு என்று அவருக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "இருதயசாமி வூடு எதும்மா?" என்று கேட்டார்.

"போஸ்ட்மேனுக்கே தெரியாதா?" என்று அவள் சிரித்துவிட்டுக் கை காட்டினாள்.

அதற்குள் இருதயசாமியே லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாங்கய்யா, இம்மாந்தூரம் நீங்க எதுக்கு? சொல்லி அனுப்சிருந்தா டீக்கடைக்கு நானே வந்திருப்பனே."

கோதண்டராமன் பேப்பரை நீட்டினார்.

இருதயசாமி நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் கோபப்படுவார் என்று கோதண்டராமன் எதிர்பார்த்தார். ஏதாவது நாலு வார்த்தை கேட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் இருதயசாமி அவரைப் பார்க்கவே இல்லை, வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"சூசையம்மா! ஏ சூசையம்மா, இங்க வாடி! என் தப்பு இல்லியாம்டி!"

கத்திக்கொண்டே பேப்பரோடு உள்ளே போனார். கோதண்டராமன் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.