ஒரே பெயரில் இரண்டு வேகம்

மருந்து ஏற்றும் பம்புக்கு புரோகிராம் எழுதுவது அவள் வேலை. சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பத்துப் பம்புகளில் ஒன்று அவளுடைய அக்காவின் கட்டிலருகே நின்றது. பிரசவம் முடிந்த கையோடு அக்காவுக்கு ரத்த அழுத்தம் எகிறி, அதைக் குறைக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "என் தங்கச்சி செஞ்ச மெஷினாக்கும்" என்று வருகிற நர்ஸிடமெல்லாம் பீற்றிக்கொண்டாளாம்.

அன்று மதியம் தன் மேசையில் இருந்த பம்பை ஓடவிட்டு, வேகத்தை நிமிடத்துக்கு நாற்பது சொட்டிலிருந்து பத்துக்குக் குறைத்தாள் தங்கை. திரையில் பத்து வந்தது. சொட்டுகளோ பழைய வேகத்திலேயே விழுந்தன.

புரோகிராமைத் திறந்து பார்த்தாள். திரைக்கு ஒரு கோப்பு, மோட்டாருக்கு ஒரு கோப்பு; வேகத்தின் எண்ணைச் சேமித்து வைக்கும் மாறி இரண்டுக்கும் பொது. அதை ஒரு கோப்பில் மட்டும் உருவாக்கிவிட்டு, இரண்டும் படிக்கும் பொதுக் கோப்பான ஹெடரில் 'எக்ஸ்டெர்ன்', அதாவது 'அது வேறிடத்தில் இருக்கிறது', என்று மட்டும் அறிவித்திருக்க வேண்டும். அவள் ஹெடரிலேயே உருவாக்கிவிட்டாள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று, கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் கத்தியது. அதை எழுதிய அன்று வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். மாறிக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு சொல்லைப் போட்டாள். லிங்கர் வாயை மூடிக்கொண்டது.

அந்த மாறியின் முகவரியை இரண்டு கோப்புகளிலிருந்தும் அச்சிட்டுப் பார்த்தாள். வேறு வேறு. ஆளுக்கொரு நகல்! ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். தொடக்க வேகம் மட்டும் இரண்டுக்கும் தனித்தனியே போய்ச் சேர்ந்ததால் சோதனையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நடுவில் மாற்றினால் மோட்டாருக்குத் தெரியவே தெரியாது.

அக்காவின் கணவருக்குப் போன் போட்டாள்.

"அத்தான், அக்கா மெஷின்ல என்ன நம்பர் இருக்கு?"

"பத்து. காலையில நாப்பது இருந்துச்சு, டாக்டர் வந்து குறைச்சிட்டுப் போனாங்க. ஏம்மா?"

"அக்கா என்ன பண்றா?"

"அசந்து தூங்குறா. எழுப்பினாக்கூட ம்னு சொல்லிட்டு மறுபடி..."

"அத்தான், அந்தக் குழாய்ல சொட்டை எண்ணுங்க. வாய்விட்டு எண்ணுங்க."

அவர் எண்ணினார். அவள் சுவர்க் கடிகாரத்தின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் நிமிடம் ஆவதற்குள் பத்தைத் தொட்டுவிட்டார்.

"போதும்! நர்ஸைக் கூப்பிடுங்க. குழாயை அடைக்கச் சொல்லுங்க. ஓடுங்க!"

போன் கட்டிலில் விழுந்த சத்தம். காலடிகள். "பிரஷர் அறுபதுதான் இருக்கு, டாக்டரைக் கூப்பிடு" என்று ஒரு பெண்குரல். அப்புறம் லைன் செத்துவிட்டது.

மற்ற ஒன்பது பம்புகள்? எழுந்து மேலதிகாரியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"சார், எல்லா பம்பையும் நிறுத்தணும். இப்பவே. தப்பு என்னோடது."

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கால்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். வேறு பம்பு ஓடியது. உதடு வெளுத்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. "வந்துட்டியா? பாப்பாவைப் பாத்தியா?" என்றாள். மற்ற வார்டுகளில் யாருக்கும் வேகத்தை மாற்றியிருக்கவில்லை என்று செய்தி வந்திருந்தது.

வெளியே அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த ஒற்றைச் சொல் உட்பட.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றார். "நீயே சொல்லு."

அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள். உள்ளே அக்கா நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.