குவாம் தீவின் கானாங்கோழி

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "எழுதும்மா," என்றார் இன்பசேகரன். சாரா அதை இழுத்து மறுபடி மாட்டிவிட்டாள். அவள் நர்ஸாக இருக்கும் வேலூர் ஆஸ்பத்திரியிலேயே அப்பாவைச் சேர்த்துப் பன்னிரண்டு நாளாயிற்று. நுரையீரல் போய்விட்டது. ஆம்பூரில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவர். பத்திரிகைக்கு ஒப்புக்கொண்ட கட்டுரையில் கடைசிப் பகுதி பாக்கி.

நாலு வார்த்தைக்கொரு முறை மூச்சு வாங்கிச் சொன்னார். இரண்டு தீவுகள். பறக்கத் தெரியாத இரண்டு கானாங்கோழிகள். லார்டு ஹோவ் தீவில் முப்பதாகக் குறைந்துபோனதைக் கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். காட்டுப் பன்றிகளை ஒழித்தபின் திரும்ப விட்டார்கள். அது பெருகிவிட்டது. குவாமில் கப்பலேறி வந்த பாம்பு தின்றதுபோக மிஞ்சிய இருபது சொச்சத்தைப் பிடித்து அடைத்தார்கள். கூண்டில் குஞ்சுகள் பெருகுகின்றன. குவாம் காட்டில் ஒன்றுகூட இல்லை.

"அப்போ ரெண்டுமே பொழச்சிடுச்சுன்னு முடிச்சிடட்டுமாப்பா?"

"கூடாது. பாம்பு இன்னும் அங்கதான் இருக்கு. எங்க கொண்டுபோய் விடுவாங்க?"

அவள் எழுதிக்கொண்டாள்.

"சாரா, என்னை வீட்டுக்குக் கூட்டினு போயிடு."

"இந்த ஆக்சிஜன் இல்லாம அரை நாள் தாங்காதுப்பா."

"தெரியும்."

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கேக்கறேன்."

நாலு மணிக்கு முனீர் அகமது வந்தார். அப்பாவோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார். அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"கீழே டாக்ஸி நிக்குதும்மா. இன்பசேகரன்தான் கொண்டாரச் சொன்னான்."

"வேணாம் அங்கிள், அனுப்பிடுங்க. வழியிலேயே ஏதாவது ஆச்சுன்னா?"

"நீ நர்ஸு. உனக்குத் தெரியும்." டாக்ஸியை அனுப்ப அவர் படியிறங்கிப் போனார். அவள் உள்ளே வந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மறுநாள், ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது. மாஸ்க்கைச் சாராவே கழற்றினாள்.

ஆம்பூர் வீட்டில் பெஞ்சு போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள். அப்பாவின் புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது. சாரா பக்கத்தில் உட்கார்ந்து, அதன் ஓரத்தைத் தண்ணீரால் நனைத்து, வலிக்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கத் தொடங்கினாள்.