மாப்பிள்ளைக் கோட்டு

கிழக்கு வெளுக்க முன்னமே சாரதி ஜெகதீபனின் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. ஓலைத்தொடுவாய்ச் சந்தியில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பஸ்ஸின் பின்பக்கம் அடுக்கி முடித்தபோது இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. இனித்தான் பெரிய வேலை. பற்றரி செத்துப் பல நாளாகிறது. அவன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்க, நடத்துநர் ரொபின்சனும் மீன் விற்கப் போகிற பெண்களும் மணலில் கால் புதையப் புதையப் பின்னால் நின்று தள்ளினார்கள்.

"இன்னுமொருக்காத் தள்ளுங்கோடி!" என்று மீன்காரி புஸ்பம் கத்தினாள்.

என்ஜின் இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. பிடித்ததும் அது செய்த முதல் வேலை, தன்னைத் தள்ளியவர்களின் முகத்தில் கரும்புகையை அள்ளிக் கொட்டியதுதான்.

"நல்ல நன்றிக்கடன்! முதலாளியின்ர பஸ் முதலாளி மாதிரித்தானே இருக்கும்" என்று புஸ்பம் காறித் துப்பினாள். துப்பல் கறுப்பாக விழுந்தது.

வெளியே போகிற புகையையாவது கடற்காற்று கொண்டுபோகும். உள்ளே வருகிற புகையை யார் கொண்டுபோவது? பின்சீற்றுக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் வெடித்துக் கிடந்தது. தகரத் தரையில் விழுந்த ஓட்டையைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். சாக்கு எத்தனை நாளைக்குப் புகையை மறிக்கும்? அந்தப் பின்சீற்றில்தான் மீன்காரப் பெண்கள் இருக்கவேண்டும். கந்தோர் வேலைக்குப் போகிறவர்களுக்கு மீன் நாறக்கூடாதாம். அது முதலாளி சவிரிமுத்து போட்ட சட்டம். மீன் நாற்றம் ஆளைக் கொல்லாது, புகை கொல்லும் என்று அந்த மனிசனுக்கு யார் சொல்வது? சொன்னார்கள். எத்தனையோ தரம் சொன்னார்கள். "பாப்பம்" என்பார். அவர் பார்க்கவேயில்லை.

மன்னார்த் தீவின் கரையோரம் மின்சாரம் எடுக்கிற பெரிய பெரிய காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. ஊரெல்லாம் காற்று! அந்தக் காற்றில் ஒரு பிடி பஸ்ஸுக்குள் வரவில்லை. ரொபின்சன் மூச்செடுக்க ஏலாமல் பின்வாசல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தான். "தலை சுத்துது மச்சான்" என்று அவன் சொன்னதை ஜெகதீபன் கேட்டான். எருக்கலம்பிட்டிச் சந்தியில் ஒரு கழுதை நடுறோட்டில் அசையாமல் நின்றது. பிறேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்த அந்த நேரம்தான் பின்னாலிருந்து பெண்கள் குழறினார்கள். ரொபின்சன் கை நழுவித் தெருவில் விழுந்துகிடந்தான்.

பஸ் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் விழுந்திருந்தால் மண்டை சிதறியிருக்கும். கழுதைக்கு இருந்த கரிசனம் முதலாளிக்கு இல்லாமல் போயிற்று.

மன்னார் ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒட்சிசன் முகமூடியும் போட்டார்கள். "விழுந்ததால மயங்கேல்லை, மயங்கித்தான் விழுந்திருக்கிறார்" என்று டாக்குத்தர் கோபமாகவே சொன்னார். "புகை இரத்தத்தில ஏறியிருக்கு. பஸ்ஸை முதல்ல திருத்துங்கோ. அடுத்த ஆள் எழும்பாமலே போகலாம்."

பிற்பகல் ஜெகதீபன் பஸ் கராச்சுக்கு வந்தபோது சவிரிமுத்து கதிரை போட்டு இருந்தார். அவருடைய மற்ற பஸ் இரண்டின் சாரதிகளான பஸ்லானும் டிலோஜனும் ஓரமாக நின்றார்கள்.

"ஆள் எப்பிடி?" என்று கேட்டார் முதலாளி.

"கை முறிஞ்சுபோச்சு."

"குடிச்சிட்டுத் தொங்கினால் விழாமல் என்ன செய்யும்?"

ஜெகதீபனுக்குக் காது சுட்டது. "அவன் குடிக்கிறேல்லை முதலாளி. பஸ்ஸின்ர புகைதான் அவனைத் தள்ளி விழுத்தினது. டாக்குத்தரே சொன்னவர்."

"டாக்குத்தரோ பஸ் ஓட்டுறார்? உந்தக் கதையை விடு. நாளைக்கு உன்ர பஸ்ஸுக்குப் புகை ரெஸ்ற். பஸ்லான்ர பஸ்ஸில இருந்து கழட்டி உன்ரயில பூட்டு."

இதைக் கேட்டு யாரும் திகைக்கவில்லை. அது வருசாவருசம் நடக்கிற கூத்து. மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து முதலாளியிடம் டீசல் பீச்சுகிற நல்ல நொசில் செற்றும் நல்ல சைலன்சர் குழாயும் ஒன்றுதான் இருந்தன. ரெஸ்றுக்குப் போகிற பஸ்ஸில் அவற்றைப் பூட்டுவார்கள். பஸ் சுத்தமாக மூச்சு விடும், சான்றிதழ் கிடைக்கும். அடுத்த பஸ்ஸின் முறை வர, கழற்றி அதில் பூட்டுவார்கள். கலியாணத்துக்குக் கலியாணம் இரவல் போகிற ஒரே கோட்டைப்போல. சாரதிகளே அதற்கு 'மாப்பிள்ளைக் கோட்டு' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். தங்கள் நெஞ்சுக்குள் போகிற புகையைத் தங்கள் கையாலேயே மறைத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பகிடி வேறு!

"நான் கை வைக்கமாட்டன்" என்றான் ஜெகதீபன்.

"என்ன?"

"இந்தமுறை பூட்டமாட்டன். குழாயைத் திருத்துங்கோ. தரையை அடையுங்கோ. ரொபின்சன் குடிச்சவன் எண்ட சொல்லைத் திருப்பி எடுங்கோ."

சவிரிமுத்து எழும்பினார். "மண்டபம் அகதிக் காம்பில இருந்து உடுத்த உடுப்போட வந்தனி. ஆரடா உனக்கு வேலை தந்தது? சோறு போட்ட கையைக் கடிக்கிறியோ?"

"சோறு நாங்கள் ஓட்டித் தின்னுறது. உங்கட வீட்டுச் சோறும் நாங்கள் ஓட்டித்தான் வருது."

முதலாளியின் முகம் சிவந்தது. "அப்ப பஸ்லான் செய்யட்டும். நீ காலமை ஓட்டத்தை முடிச்சிட்டு ரெஸ்றுக்குக் கொண்டு போ. ஏலாதெண்டால் சாவியை வைச்சிட்டு நட. என்ன பஸ்லான், கழட்டுறியோ?"

பஸ்லான் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் முதலாளி, கழட்டுறன்" என்றான்.

ஜெகதீபனுக்கு அவனை அடிக்கவேண்டும்போல வந்தது. முதலாளியின் கார் போனதும் பாய்ந்து சேட்டைப் பிடித்தான். "ரொபின்சன் உனக்கு ஆரடா? நோன்புக்கு உன்ர வீட்டுக் கஞ்சி குடிக்க வாறவனெல்லோ?"

"கையை எடு மச்சான்." பஸ்லான் ஸ்பனரை எடுத்துத் துடைத்தான். "என்ர பஸ்ஸில இருந்து கழட்டுறன். உன்ர பஸ்ஸில ஆர் பூட்டுறது? என்ர பழைய ஓட்டைச் சாமானை என்ரயில திருப்பிப் பூட்டப்போறன். ரெஸ்ற் முடிஞ்ச பிறகு அந்த நல்ல செற்றை ஒரு சாக்கில கட்டி அவற்ற கேற்றடியில வைப்பம். அவரே போட்டுக்கொண்டு திரியட்டும்."

டிலோஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டில் கைக்குழந்தை, வேலையும் புதுசு. பிறகு, "அப்ப மூண்டு பஸ்ஸையும் ரெஸ்றுக்குக் கொண்டு போவமே" என்றான். சொன்ன பிறகுதான் தானே பயந்தவன்போல வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலை மீன் சந்தை கலைந்ததும் ஜெகதீபன் பரிசோதனை நிலையத்துக்குப் பஸ்ஸைத் திருப்பினான். பெண்கள் இறங்கவில்லை. வெறும் பெட்டிகளோடு அப்படியே இருந்தார்கள். புகையைக் குடிக்கிறவர்கள் தாங்கள், பரீட்சையைப் பார்க்காமல் போவதா என்று புஸ்பம் கேட்டாள்.

சான்றிதழை வாங்க வந்து நின்ற சவிரிமுத்து, பெண்களைக் கண்டு முகம் சுளித்தார். அவர்களுக்குப் பின்னால் பஸ்லானின் பஸ்ஸும் டிலோஜனின் பஸ்ஸும் வந்து வரிசையாக நின்றதைக் கண்டபோதுதான் அவருக்கு விளங்கியது.

"டேய், நிப்பாட்டு! இது என்ர பஸ்!"

பரிசோதிக்கிற பெண் குழாய்க்குள் கருவியை விட்டு, "அழுத்துங்கோ" என்றாள். ஜெகதீபன் அழுத்தினான். தன் ஆத்திரத்தையெல்லாம் காலில் வைத்து அழுத்தினான். கொட்டகை இருண்டது. பிள்ளைகளின் தொண்டைக்குள்ளும் கிழவர்களின் நெஞ்சுக்குள்ளும் இத்தனை காலமும் போனது, இன்று கருவிக்குள் போயிற்று. அவள் இருமிக்கொண்டே கையைக் குறுக்கே ஆட்டினாள். "இதை ஓட்ட ஏலாது. திருத்தும்வரைக்கும் றோட்டில ஏத்தக்கூடாது."

சவிரிமுத்து பல்லைக் கடித்தார். "சந்தோசமோ? மூண்டு பஸ்ஸும் நிண்டால் என்னத்தைத் தின்னப்போறியள்?"

வேலை போய்விட்டது என்றே ஜெகதீபன் நினைத்தான். ரொபின்சன் இன்னும் கட்டிலில் கிடக்கிறான்.

புஸ்பம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "அதைக் கேக்கத்தான் நாளைக்குக் காலமை உங்கட வாசலுக்கு வாறம் முதலாளி. எல்லாரும் வாறம். பஸ் திருந்தும்வரைக்கும், ரொபின்சனுக்கு நீங்கள் ஒரு வழி சொல்லும்வரைக்கும், மீன் அங்கதான் விப்பம்."

ஜெகதீபன் இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். டிலோஜனும் வந்து நின்றான்.

"அடுத்த பஸ் ஆற்ற?" என்று பரிசோதிக்கிற பெண் கேட்டாள்.

சவிரிமுத்து வாயைத் திறக்க முதல், "எங்கட" என்று பஸ்லான் தன் பஸ்ஸின் சீற்றில் இருந்தபடியே கத்திச் சொல்லி, கியரைப் போட்டான்.