ப்ரொப்பல்லருக்கு மாலை கிடையாது

ஆயுத பூஜையன்று காலை எட்டு மணிக்கெல்லாம் முசரவாக்கம் தாண்டி இருந்த அந்தச் சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி ராமலிங்கம் சொந்தக்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று நாற்பது பேரை அழைத்திருந்தார். பூஜை முடிந்ததும் மூன்று மூன்று பேராக விமானத்தில் ஏறி, ஏகாம்பரநாதர் கோபுரத்தை மேலிருந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சிம்ரன் ஆறு மணிக்கே வந்திருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டும் பூவராகவனின் மகள். மூன்று வருடமாக இங்கே டெக்னீஷியன். விமானம் நின்ற இடத்தைப் பெருக்கி, ஒரு பொடிக்கல் விடாமல் பொறுக்கினாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். கூட்டம் நெருங்காதபடி தள்ளிக் கயிறு கட்டினாள். பூசணிக்காயோடு வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தினாள்.

"வெளிய ஓரமா உடைச்சுக்குங்கண்ணா. ஒரு சில்லு இங்க கிடந்தாலும் ப்ரொப்பல்லர் இழுத்து வீசிடும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவள் திரும்பியபோது ராமலிங்கம் கயிற்றைத் தாண்டி உள்ளே நின்றிருந்தார். கையில் பெரிய சம்பங்கி மாலை. விமானத்தின் மூக்கிலிருந்த ப்ரொப்பல்லர் விசிறி சாய்ந்து நின்றதால் மாலை வழுக்கியது. அதை நேராக்க பிளேடைப் பிடித்தார்.

"கையை எடுங்க சார்!"

சத்தம் ஓடுபாதை முழுக்கக் கேட்டது. நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமலிங்கத்தின் கை நின்றது, ஆனால் பிளேடை விடவில்லை.

"யாரைப் பார்த்து கத்தற? சாவி என் பாக்கெட்ல இருக்குது."

"சாவி எங்க இருந்தாலும் சரி சார். இந்த இஞ்சினுக்கு பேட்டரி வேணாம், ப்ரொப்பல்லரைக் கையால சுத்தினாலே உள்ள இருக்கற மேக்னெட்டோ தீப்பொறி போடும், இஞ்சின் கிளம்பிடும். சாவியை ஆஃப் பண்ணா அது அடங்கணும். உள்ள ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தா அடங்காது. வெளிய இருந்து பார்த்தா தெரியவும் தெரியாது."

"என் ஏரோப்ளேனை நான் தொடக் கூடாதா?"

விமானி விமல்ராஜ் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு சிம்ரன். நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான இருந்துச்சு."

"இன்னைக்குத்தான் இவ்ளோ பேர் நிக்கறாங்க கேப்டன்."

அவள் நகரவில்லை. ராமலிங்கத்தின் முகம் சிவந்தது. ஊரில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அந்த நேரத்தில் அவர் மனைவி காந்தா தாம்பாளத்தோடு கயிற்றுக்கு அந்தாண்டையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வாலுக்குப் போட்டா சாமி வேணாம்னா சொல்லிடும்? வாங்க இப்படி, கற்பூரம் அணைஞ்சுடப் போவுது."

இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் பிளேடிலிருந்து கையை எடுத்தார்.

வாலில் மாலை போட்டு, கற்பூரம் காட்டி முடிந்தது. சிம்ரன் மாலையைக் கழற்றிக் காந்தாவிடம் கொடுத்தாள். கீழே விழுந்திருந்த பூவையும் பொரியையும் கூட்டி அள்ளினாள். எல்லாரும் கயிற்றுக்கு வெளியே போனதும் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு, ராமலிங்கத்திடம் சாவி வாங்கி விமானத்தில் ஏறிய விமல்ராஜ் பார்க்கும்படி இறக்கை முனைக்குத் தள்ளி நின்றாள்.

விமல்ராஜ் ஜன்னல் வழியாகக் கத்தினார். "க்ளியர் ப்ராப்!"

ப்ரொப்பல்லர் பக்கம் யாரும் இல்லையென்று அவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினாள். இஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது. சற்று ஓடவிட்டபின், சாவியைத் திருப்புவதுபோல் கையை முறுக்கிக் காட்டினாள். விமல்ராஜ் வேகத்தைக் குறைத்து, ஒரு நொடி சாவியை ஆஃப் செய்தார்.

இஞ்சின் அடங்கியிருக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். ப்ரொப்பல்லர் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி செய்து பார்த்தார். அதேதான். கண்ணாடி வழியாகச் சிம்ரனைப் பார்த்தார். அவள் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினாள். எரிபொருளை நிறுத்திய பிறகுதான் இஞ்சின் நின்றது.

சூடு ஆறியதும் அவள் இஞ்சின் மூடியைத் திறந்தாள். மேக்னெட்டோவிலிருந்து சாவிக்குப் போகும் ஒயர் முனையில் அறுந்து தொங்கியது. ராமலிங்கம் கிட்டே வந்து பார்த்தார். விமல்ராஜ் சொல்ல ஆரம்பித்தார். "சார், நீங்க மட்டும் ப்ரொப்பல்லரைத் திருப்பியிருந்தா..."

ராமலிங்கம் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையில் சந்தனம் காய்ந்திருந்தது. பிறகு கேட்டார். "இன்னைக்கு பறக்க முடியாது இல்ல?"

"முடியாது சார். ஒயரை மாத்தி, செக் பண்ணி, எழுதி கையெழுத்து போட்ட பிறகுதான்."

அவரே கூட்டத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். யார் கத்தினார்கள், ஏன் கத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். சிம்ரன் ப்ரொப்பல்லரில் 'தொடாதே' என்ற சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு, அப்போதுதான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

மூன்றாம் நாள் விமானம் தயாரானது. காந்தாவைக் கூட்டிக்கொண்டு வந்த ராமலிங்கம் கார்க் கதவைத் திறந்தவர், காலைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"எந்தப் பக்கமா வரணும்மா?"

"இறக்கைக்குப் பின்னாடி சுத்தி வாங்க சார்" என்றாள் சிம்ரன்.