முருங்கையடியில் நின்ற நீலக்கோடு

தனஞ்சயன் என்னுடைய பாதைகளைத் திருடிவிட்டான் என்று நான் சொன்னபோது திருகோணமலையில் சிரிக்காத ஆள் இல்லை. நகையைத் திருடலாம், சைக்கிளைத் திருடலாம், பாதையை எப்படித் திருடுவது என்று கேட்டார்கள். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் சைக்கிள் வாடகைக் கடைக்கு அடுத்த வீட்டுக்காரர், "றோட்டு என்ன உங்கட வாப்பாட முதுசச் சொத்தா புள்ள?" என்று கேட்டுவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார். அவருக்கு அன்றிலிருந்து நான் சலாம் சொல்வதில்லை.

பாதை என்றால் தார் மட்டும் இல்லை. கிண்ணியாப் பாலத்தை வெயில் ஏற முதல் கடக்க வேண்டும். மூதூர் தாண்டினால் எந்த வளைவில் நாய்கள் துரத்தும், எந்த வளைவில் மணல் றோட்டுக்கு மேல் ஏறிக் கிடந்து முன்சில்லை இழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். சம்பூரில் எந்த வீட்டில் கேட்டால் முகம் சுளிக்காமல் தண்ணீர் அள்ளித் தருவார்கள், மணலை வாரி அடிக்கும் கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் எத்தனை மணிக்குள் திறந்த வெளியை விட்டு மரங்களுக்குள் போய்விட வேண்டும் என்பதெல்லாம் பாதைதான். ஒரு குன்று இருக்கிறது. மூச்சு வாங்க ஏறி மறுபக்கம் திரும்பினால் கடல் முழுதும் காலடியில் கிடக்கும். எந்தக் குன்று என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது அங்கே போய்ப் பெயர்ப்பலகை நட்டுவிடுவார்கள்.

கடை எனக்கும் தனஞ்சயனுக்கும் பங்கு. அவனிடம் வான் இருந்தது, நல்ல இங்கிலீசு இருந்தது, கொழும்பில் ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் கால் இருந்தது. விடிய முதல் சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் திரும்புவேன். வழி தவறியதும், முள்ளில் சில்லு போனதும், கல்லில் விழுந்து முழங்கையில் தையல் போட்டதும் நான். அவன் பகல் சாப்பாட்டோடு வானில் வருவான். அப்படியே இரண்டு வருடம் போயிற்று. பன்னிரண்டு பாதைகள் தேறின.

பிறகு அவன் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய்விட்டான். போனதில் எனக்குக் கோபம் இல்லை, பிழைப்பு என்று விட்டேன். ஆனால் ஹோட்டல்காரர்கள் அடித்த துண்டுப்பிரசுரம் என் கைக்கு வந்தது. 'துவிச்சக்கரவண்டிச் சுற்றுலா. தனஞ்சயன் தன்னந்தனியாகத் தேடிக் கண்டுபிடித்த பன்னிரண்டு இரகசியப் பாதைகள்.' கீழே படம். கடலைப் பார்த்தபடி நிற்கிறான். கையில் பிடித்திருப்பது என்னுடைய சைக்கிள். ஆசனத்துக்குப் பின்னால் தொங்குகிறது உம்மா எனக்குத் தைத்துத் தந்த பூப்போட்ட பை.

கேட்கப் போனேன். கதையில்தான் அவன் இவன், நேரில் எப்போதும் நீங்கள்தான். அவனும் அப்படித்தான், மரியாதைக்குக் குறைவில்லை. கதிரை போட்டான், தேத்தண்ணி எடுப்பித்தான், பிறகு சொன்னான்:

"ஷிஃபானா, றோட்டு அரசாங்கத்தின்ர. நீங்களும் ஓடுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது?"

அந்தத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவன் சொன்னதைவிட அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. குடித்துவிட்டு வந்தேனே!

நான் ஓடும் பாதைகள் என் போனில் ஒரு நீலக்கோடாகப் பதிவாகும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அவன் வேறு பெயரில் ஒளிந்துகொண்டு பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. நான் புதிதாக ஒரு கிளைப்பாதை பிடித்துப் போட்டால், இரண்டு கிழமைக்குள் ஹோட்டலின் ஏதாவதொரு பாதையில் அது ஒட்டிக்கொள்ளும். அவன் சைக்கிளை விட்டுக் கனகாலம், வயிறும் வைத்துவிட்டது. ஆட்களைக் கூட்டிப்போக முதல் அந்த வழியில் தான் ஒருதரம் தனியாக ஓடிப் பார்க்க வேண்டும் என்ற முதலாவது விதியையே மறந்துவிட்டான். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நல்லெண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. அவனை ஒருநாள் ஆட்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்கவைக்க வேண்டும், அவன் வாயாலேயே உண்மை வர வேண்டும். அது நடக்காமல் நான் விடப்போவதில்லை என்று இருந்தேன்.

ஆனி மாதம் ஒரு புதுப் பாதை போட்டேன். 'மூதூர் முதல் வெருகல் வரை, புதுவழி' என்று தலைப்பு. சம்பூர் தாண்டும்வரை தங்கமான பாதை, கரையும் நிழலுமாகப் போகும். பிறகு உள்ளுக்குத் திரும்பி, வயல் வரம்பு, மாட்டுக் கரத்தைப் பாதை, முழங்கால் புதையும் மணல் என்று இழுத்துக்கொண்டுபோய், தோப்பூருக்கு அங்கால் வயல் ஓரத்தில் தனியாக நிற்கும் எங்கள் உம்மா வீட்டு முற்றத்தில் விட்டேன். முருங்கை மரத்தடியில் போனில் பதிவை நிறுத்தினேன். கோடும் நின்றது. அங்கிருந்து வெருகல் றோட்டு, போனின் வரைபடத்தில் பார்த்தால், ஒரு நகக்கண் தூரம்தான். நடுவில் கிடக்கிற சேற்றுக் களப்பை வரைபடத்தில் கீறவில்லை. அதைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது, அதில் நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அடுத்த மாதமே ஹோட்டல் விளம்பரம் செய்தது: சனிக்கிழமை, வெருகல் புதுப்பாதை. லண்டனில் இருந்து ஒரு சைக்கிள் கழகம் வருகிறதாம்.

நான் வெள்ளிக்கிழமையே உம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். நாளைக்குக் கொஞ்சம் வெள்ளைக்காரர் வரக்கூடும், தண்ணி கொடுத்தால் போதும் என்று சொன்னேன். யாரும் மயங்கி விழுவதை நான் விரும்பவில்லை, எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் முகம்.

"வூட்டுக்கு வாற ஆக்களுக்குத் தண்ணி மட்டுமா? நீ எப்ப இருந்து இப்பிடி ஆனாய்?" என்றார் உம்மா. விடியவே மீன் வாங்கி, பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். என் பழிக்குப் பக்கத்தில் மீன் ஆணம் கொதிப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பகல் வெயிலில் வந்தார்கள். எட்டுப்பேர், எல்லாரும் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சங்கிலியெல்லாம் மணல், முகமெல்லாம் செத்தல் மிளகாய்ச் சிவப்பு. முன்னால் அவன். அவனுடையது பற்றரியில் ஓடும் சைக்கிள், மணலில் பற்றரி செத்துப்போய் எல்லாருடையதையும்விடப் பாரமாய்க் கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான். வீட்டைப் பார்த்தான். வாசலில் என்னைப் பார்த்தான்.

அல்லாஹ், அந்த முகம்! இரத்தம் முழுக்க வடிந்துபோன அந்த முகத்துக்காக நான் இன்னும் எத்தனை மணல் வேண்டுமானாலும் மிதிப்பேன்.

ஆனால் ஒரு மூச்சுத்தான். அவன் திரும்பினான், கைகளை விரித்தான், இங்கிலீசில் உரத்துச் சொன்னான்: "இதுதான் நான் ஒளித்துவைத்த ஆச்சரியம்! உண்மையான கிராமத்து வீட்டில் பகல் சாப்பாடு!"

அவர்கள் கைதட்டினார்கள். என் கையில் தேசிக்காய் பிழிந்த தண்ணி நிறைந்த சாடி இருந்தது. அதை அவன் தலையில் கவிழ்க்காமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பரிசு தர வேண்டும்.

பாய் விரித்துச் சாப்பாடு போட்டோம். கழகத்தின் தலைவி தயாளினி என்ற நடுவயதுப் பெண், லண்டனில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு உம்மாவோடு தமிழில் கதைத்தாள். உம்மா அகப்பையோடு வரிசையாக வந்து தனஞ்சயனுக்கு முன்னால் குனிந்தார்.

"தம்பிக்கு என்ன பேர்?"

"தனஞ்சயன், அம்மா."

அகப்பை நின்றது. அந்தப் பெயரை நான் இந்த வீட்டில் எத்தனை தரம் திட்டியிருப்பேன்! உம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு பெரிய துண்டு மீனாகப் பார்த்து அவன் பீங்கான் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக் குசினிக்குள் போனார். எனக்கு உம்மாவின் மேலும் கோபம் வந்தது.

சாப்பிட்டு முடிந்தது. "இனி எந்தப் பக்கம்?" என்று தயாளினி கேட்டாள். அவன் போனை எடுத்தான். இரண்டு விரலால் படத்தை விரித்தான், சுருக்கினான், திரும்ப விரித்தான். கோடு முருங்கையடியில் நின்றுகொண்டிருந்தது. வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, கணுக்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தான். குசினிக் கதவடியில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"ஷிஃபானா, றோட்டுக்கு எங்கால போறது?"

"றோட்டு அரசாங்கத்தின்ர," என்றேன், அவனுடைய பேச்சிலேயே. "ஓடுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது?"

"விளையாடாதேங்கோ. வான் அங்கால நிக்குது. சனம் களைச்சுப் போச்சு."

"சனத்துக்கு வழி நான் காட்டுறன். அதுக்கு முதல் நீங்க அவங்களுக்கிட்டச் சொல்லணும், இந்த வழியெல்லாம் ஆர் புடிச்ச வழி எண்டு."

"அது ஏலாது. ஹோட்டல்ல எனக்கு என்ன மரியாதை மிஞ்சும்?"

"அப்ப வந்த மணலுக்குள்ளாலயே திரும்பிப் போங்க. கச்சான் எழும்பிட்டு. போகக்குள்ள முகத்துக்கு நேரதான் அடிக்கும்."

முருங்கை இலைகள் பறந்துகொண்டிருந்தன. அவன் வெளியே பார்த்தான். ஒரு பெரியவர் காலணியைக் கழற்றிக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கை கழுவ வந்த தயாளினி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏதும் பிரச்சினையா?" என்று தமிழில் கேட்டாள்.

அவன் நிலத்தைப் பார்த்து முணுமுணுத்தான். "இந்தப் பாதை... இவதான் பிடிச்சவ."

குசினிக்குள் இருந்து உம்மாவின் குரல் வந்தது. "சத்தமாச் சொல்லுங்க தம்பி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

உம்மாவுக்கு வயலுக்கு அங்கால் தென்னம்பூ விழுந்தாலும் கேட்கும்.

அவன் நிமிர்ந்தான். காது மடல் சிவந்திருந்தது. முற்றத்தில் இருந்தவர்களுக்கும் கேட்க, இங்கிலீசிலும் பிறகு தமிழிலும் சொன்னான். "இந்தப் பாதை ஷிஃபானா பிடிச்சது. மற்றப் பன்னிரண்டும் அவ பிடிச்சதுதான். நான் பிடிக்கேல்லை."

உம்மா வெளியே வந்து அவன் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தார். "குடிச்சிட்டுப் போங்க," என்றார். அவன் குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு குளிர்ந்தது.

என் சைக்கிளை எடுத்து முன்னால் ஏறினேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், நாயுருவிப் பற்றைக்குள், வாய்க்கால் கட்டில் ஒற்றையடிப்பாதை தொடங்குகிறது. அங்கே மருத மரங்கள் காற்றை மறைக்கும். தயாளினி எனக்குப் பின்னால் வந்தாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால். செத்த பற்றரிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் கடைசியில் வந்தான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

வெருகல் றோட்டில் வான் நின்றது. தயாளினி என் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள், வருகிற வருடம் உங்களோடுதான் ஓடுவோம் என்றாள். சைக்கிள்களை ஏற்றி முடித்த பிறகு தனஞ்சயன் என் பக்கத்தில் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"மற்றப் பாதையளும், பிறகு போட்ட கிளையளும் இப்பிடித்தானோ? எங்கேயாவது இப்பிடி வைச்சிருக்கிறீங்களோ?"

நான் தண்ணிப் போத்தலைத் திறந்து குடித்தேன், மூடியை ஆறுதலாகப் பூட்டினேன்.

"ஓடிப் பாருங்க," என்றேன்.

அதற்குப் பிறகு ஹோட்டல்காரர்கள் ஆட்களைக் கடற்கரை றோட்டில் போகவிட்டுத் திருப்பிக் கூட்டி வருகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கும் அவன் கிட்டப் போவதில்லை. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு முருங்கை மரம் நிற்பதாக அவனுக்குப் பயம்.

அந்தப் பன்னிரண்டும், அவற்றில் ஒட்டிய கிளைகளும் என்னால் முடிந்த அளவு சுத்தமான பாதைகள். ஒரு முள்ளுக்கூட நான் வைக்கவில்லை. அதை அவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?