ஐஸ் ஸ்டேஜ்

மல்யுத்தக்காரனை அவன் எடுத்துக்கொண்டான். அவளுக்கு ஈட்டிக்காரி. ஒரே திரைக்கு முன்னால், முழங்கை இடிக்காத அளவுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ கேம் செய்கிற அந்தக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே வேலை: வெளியே விடுவதற்கு முன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது. அவர்கள் கணவன் மனைவி என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அவன் ஒரு பெட்டியோடு வாடகை அறைக்குப் போய்விட்டது யாருக்கும் தெரியாது. பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. அவன் போன அன்று அவள் கதவைச் சாத்திவிட்டு, ஊறப்போட்டிருந்த துணியைத் துவைத்தாள்.

இன்றைக்குச் சோதிக்க வந்திருப்பது ஐஸ் ஸ்டேஜ், ஆட்டத்தில் சண்டை நடக்கும் புதுக் களம். தரை முழுக்க உறைந்த ஏரி. மற்ற இடங்களில் பழகிய எந்த அடியும் அங்கே பழையபடி விழவில்லை. ஈட்டிக்காரியின் பலமே குத்திவிட்டு ஓரடி பின்வாங்குவதுதான்; ஐஸில் அந்த ஓரடி வழுக்கிக்கொண்டே போய் விளிம்பில் கொண்டுவிட்டது. மல்யுத்தக்காரன் பாடு அதைவிட மோசம். எதிராளியின் அடியைத் தடுத்த கையோடு அப்படியே எட்டிப் பிடிப்பது அவன் வித்தை. இங்கே அடி என்னவோ படவில்லை. ஆனால் தடுத்த வேகத்திலேயே பின்னால் சறுக்கினான். பிடிக்க நீட்டிய கை காற்றில் மூடியது.

"தடுத்தா கை எட்ட மாட்டேங்குது," என்றான் கணவன்.

"எழுதிக்கறேன்."

"குதிச்சு வந்து பிடிச்சா?"

"இறங்கின இடத்துல நிக்க மாட்டான். பாரேன்."

மல்யுத்தக்காரன் குதித்தான். இறங்கினான். ஈட்டிக்காரியைக் கடந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

வீட்டில் இவ்வளவு பேசி எத்தனையோ நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது. விரல் தெரிகிறது, கன்னம் தெரியவில்லை.

குழுவின் தலைவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனுஷர். காபியோடு வந்து இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"என்னம்மா, வீட்டுல பாக்கி வெச்சதெல்லாம் இங்க குடுக்கறியா?"

"அவன் தானா வழுக்கறான் கேப்டன்."

கேப்டன் மட்டும் சிரித்தார். "ஸ்டேஜை வெச்சுக்கலாமா தூக்கிடலாமான்னு மேல கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. நீ வேற கிளம்பிடுவேம்மா. நீ மாத்தல் கேட்ட ஊர் ஆபீசுல சரின்னுட்டாங்க, இப்பதான் மெயில் வந்துச்சு." அவன் தோளைத் தட்டினார். "இனிமே உன் பாடுதான் திண்டாட்டம். சமைக்கத் தெரியுமாப்பா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பட்டன் சத்தம் நின்றிருந்தது.

"ஏதோ சமாளிச்சுக்குவேன் கேப்டன்," என்றான் அவன், எல்லாம் முன்பே தெரிந்தவன் போல.

கேப்டன் அடுத்த மேஜைக்குப் போனார். அவள் கட்டைவிரல் தன்பாட்டுக்கு அழுத்தியது. ஈட்டி குத்தியது. மல்யுத்தக்காரன் தடுக்கவில்லை. நின்ற நிலையிலேயே வழுக்கிப் போய், விளிம்பு தாண்டி, தண்ணீருக்குள் விழுந்தான்.

"எப்ப கேட்டே, மாத்தல்?" அவன் குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"நீ போறதுக்கு முன்னாலயே."

"அப்ப நான் போறேன்னதும் ஏன் வாயே திறக்கல?"

"நான் சொல்லலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்டே."

அவன் தலையை ஆட்டினான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள், அவனுக்கோ தனக்கோ. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. யாரோ பிரிண்டரை இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

"அடுத்தது போடவா?" என்று கேட்டாள்.

"போடு."

இந்த முறை அவன் ஓடவில்லை, குதிக்கவில்லை. மல்யுத்தக்காரனைச் சின்னச் சின்ன நடையாக நடத்திக் கொண்டுவந்தான். நடந்தால் வழுக்கல் அவ்வளவாக இல்லை. வந்துசேர வெகுநேரம் பிடித்தது. ஈட்டியை நீட்டினால் போதும், எளிதில் தள்ளிவிட்டிருக்கலாம். அவள் நீட்டவில்லை. அவன் பிடித்தான், தலைக்கு மேல் தூக்கினான், எறிந்தான். எறிந்த வேகத்தில் அவனும் எதிர்ப்பக்கமாக விளிம்புவரை போனான்.

"வெச்சுக்கலாம்னு எழுதிடு," என்றான். "ஆடறவங்க பழகிக்குவாங்க."

எழுதினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம். அவள் ஏறி நடுவில் போய் நின்ற பிறகுதான் பார்த்தாள், அவனும் பின்னாலேயே ஏறியிருந்தான். அவன் அறை எதிர்த்திசையில் இருந்தது. பழக்க தோஷம். அது அவனுக்கு உறைத்தபோது பஸ் பாலத்தில் ஏறிவிட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்தது. அவன் வழிவிட்டு ஒதுங்கினான், மற்றவர்கள் இறங்கினார்கள். ஜன்னலோரமாக இருவர் உட்காரும் சீட் ஒன்று காலியானது. அவள் உள்ளே தள்ளி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றான். பஸ் வளைந்தபோது அவன் நிழல் பக்கத்து சீட்டில் விழுந்தது, விலகியது, மறுபடி விழுந்தது.