குறை சொல்ல ஆளில்லாத வீடு

செல்வத்துக்கு ஓசூரில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. பதினான்கு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மத்திகிரியில் மூன்றாவது வாடகை வீட்டில் குடியிருந்தார். கடன் கட்டாதவர்களின் வீடுகளை வங்கி ஏலம் விடுகிறது, வெளி விலையில் முக்கால்வாசிக்கே கிடைக்கும் என்று கேண்டீனில் யாரோ சொன்ன நாளிலிருந்து, பேப்பரில் வரும் ஏல அறிவிப்புகளை வெட்டி ஃபைலில் சேர்க்க ஆரம்பித்தார்.

“அடுத்தவங்க வயித்தெரிச்சல்ல நமக்கெதுக்குங்க வீடு?” என்றாள் மனைவி பொற்கொடி.

“நாம வாங்கறது பேங்குகிட்ட. பேங்குக்கு ஏது வயிறு?” என்றார் செல்வம்.

முதலில் பார்க்கப் போன வீடு மத்திகிரியிலேயே இருந்தது. அதாவுல்லா என்பவருடையது. கம்பெனிகளில் கழித்துக் கட்டும் மரப்பலகைகளை வாங்கி விற்கிற வியாபாரம். இரண்டு கம்பெனிகள் பாக்கி வைத்ததில் தவணை நின்றுபோய், வீடு ஏலத்துக்கு வந்திருந்தது. குடும்பம் இன்னும் காலி செய்யவில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி ஃபகருன்னிசா.

“வாடகைக்கு வீடு இருக்குன்னு சொன்னாங்க...” என்று இழுத்தார் செல்வம்.

“ஏல வீடு பாக்கத்தானே வந்தீங்க? செவுத்துலயே நோட்டீசு ஒட்டியிருக்கு, அப்புறம் எதுக்கு சார் வாடகைன்னு? வாங்க. நீங்க ஒன்பதாவது ஆளு.”

அவளே விளக்கைப் போட்டுப் போட்டு எல்லாவற்றையும் காட்டினாள். படுக்கையறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம். சமையலறைக் கூரையில் விரிசல். போர்வெல்லில் காலையில் இருபது நிமிடம்தான் தண்ணீர். மழை வந்தால் பின்பக்கத்துச் சாக்கடை வாசல்வரை வரும். நடுவில் டீயும் கொடுத்தாள்.

செல்வம் நெகிழ்ந்துபோனார். இந்தப் பதினான்கு வருடத்தில் எந்தச் சப்ளையரும் தன் சரக்கின் குறையைத் தானே சொன்னதில்லை.

“ஏன்க்கா, இதையெல்லாம் நீங்களே சொல்றீங்க?”

“நாளைக்கு நீங்க வந்து நின்னு, ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாதுல்ல? வீடுதான் போகுது. பேரும் எதுக்குப் போகணும்?”

வீட்டுக்கு வந்ததும் செல்வம் தொழிற்சாலையில் எழுதுவதுபோலவே ஓர் அறிக்கை தயாரித்தார். பதினேழு குறைகள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ, கடைசியில் ‘நிராகரிக்கலாம்’. ஏல வீடு தேடுகிற நாற்பது பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டார். அந்த ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. விலையைக் குறைத்து இரண்டாவது ஏலம் வைத்தார்கள். அதற்கும் யாரும் வரவில்லை. நாற்பது பேரைக் காப்பாற்றிய பெருமை செல்வத்துக்கு.

அந்தச் சமயத்தில்தான் ஏல ஏஜென்ட் தங்கதுரை போன் செய்தார். கெலமங்கலம் ரோட்டில் ஒரு வீடு.

“காலி வீடு சார். குடும்பம் ஊரை விட்டே போயிடுச்சு. அழுவுற ஆளு, குறை சொல்ற ஆளு, யாருமே கெடையாது.”

செல்வம் அரை நாள் லீவு போட்டுப் போய்ச் சோதித்தார். சுவர்களைத் தட்டினார். குழாய்களைத் திறந்து வைத்தார். மொட்டைமாடியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வருங்கால வைப்பு நிதியில் பாதியை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கி, போட்டியே இல்லாமல் ஏலத்தில் எடுத்தார்.

பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்து இருவரும் போனபோது, ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் முள்கம்பி வேலி நின்றது. உள்ளே நான்கு மாடுகள் கட்டியிருந்தன. பக்கத்தில் கெம்பம்மா என்ற பெண்மணி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வழியை அடைச்சிருக்கீங்களேம்மா” என்றார் செல்வம்.

“வீடு உங்களுது சாமி. நீங்க நடந்து வந்த ஜாகா என்னுது. முந்தி இருந்தவங்க எங்க சொந்தம், விட்டேன். நீங்க யாரு?”

சர்வே ஆபீஸில் போய்ப் பார்த்தார். அந்தம்மா சொன்னது சரி. வீட்டின் ஒவ்வொரு அங்குலத்தையும் சோதித்தவர், வீட்டுக்கு வந்த வழியைச் சோதிக்கவில்லை. தங்கதுரைக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“உள்ளது உள்ளபடின்னு நோட்டீசுலயே போட்டிருக்கே சார்” என்றார் தங்கதுரை நிதானமாக. “இல்லாதது இல்லாதபடி.”

அதே வாரம் இன்னொரு செய்தியும் வந்தது. இரண்டு ஏலமும் போகாததால், வங்கி ஒரு தொகைக்கு இறங்கி வந்து அதாவுல்லாவின் கணக்கை முடித்துவிட்டதாம். பேரிகை கிராமத்தில் இருந்த துண்டு நிலத்தை விற்று அவர் கட்டிவிட்டாராம். செல்வம் நேராக அதாவுல்லா வீட்டுக்குப் போனார். படுக்கையறைச் சுவர் வெள்ளையடித்துக் காய்ந்திருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது.

“நான் சொன்னதுல ஒண்ணாவது பொய்யா சார்?” என்றாள் ஃபகருன்னிசா.

“இல்லக்கா. ஆனா அந்த ஈரம்?”

“மேல டேங்கு வால்வு கெட்டிருந்துச்சு. எண்ணூறு ரூபா. போர் மோட்டாரை இன்னும் கொஞ்சம் கீழ எறக்குனோம், அவ்வளவுதான்.”

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“என்ன கொறைன்னுதானே எல்லாரும் கேட்டீங்க. எவ்வளவுல சரியாகும்னு ஒருத்தரும் கேக்கல.”

உள்ளேயிருந்து வந்த அதாவுல்லா செல்வத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்க ரிப்போர்ட்டு எப்படியோ பேங்கு மேனேஜர்கிட்டயே போயிடுச்சு சார். அதைப் பாத்துத்தான் எறங்கி வந்தாரு. போட்டோ எல்லாம் என்னா தெளிவு! சாப்புடாம போகக் கூடாது.”

செல்வம் சாப்பிட்டார். பிரியாணியில் ஒரு குறையும் இல்லை.

கெம்பம்மாவிடம் வக்கீல் நோட்டீஸ், கலெக்டர் ஆபீஸில் மனு என்று அவர் பேசிப் பார்த்த எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் பொற்கொடி தனியாகப் போய், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

“நெலத்தை விக்க மாட்டாங்களாம். வாடகையும் வேணாமாம். பால் டைரிக்காரன் சரியான வெலை கொடுக்க மாட்டேங்கறானாம். நாம தெனம் மூணு லிட்டர் பால் வாங்கினா, வழி விடறாங்களாம்.”

“ரெண்டு பேருக்கு மூணு லிட்டரா?”

“வக்கீலு இதைவிட அதிகம் கேப்பாரு.”

குடிபோய் இப்போது ஐந்து மாதம் ஆகிறது. தயிர், மோர், பால்கோவா, பக்கத்துத் தெருவுக்கு இலவச மோர் என்று எதைச் செய்தாலும் பால் தீர்வதில்லை. போன வாரம் செல்வம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இரண்டு லிட்டர் போதும் என்று சொல்லக் கிளம்பினார். கெம்பம்மா, வழிக்காக வைத்திருந்த வேலிப் படலில் ஒரு கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் சாமி?”

“இல்ல, இந்த மாடு சினையா இருக்கே. கன்னு போட்டா பால் இன்னும் கூடும்ல, அதைத்தான் கேக்கலாம்னு வந்தேன்” என்றார் செல்வம்.

“கூடும் கூடும்” என்றார் கெம்பம்மா சந்தோஷமாக. “நாலு லிட்டரா எடுத்துக்கோங்க.”